சேகரிப்புத் தளத்தை எந்த மென்பொருளுக்கு மாற்றுவது? ஐந்து வழிகளின் ஒப்பீடு

தபால்தலை, நாணயம், தீப்பெட்டி லேபிள், பழைய கேமரா, இசைத்தட்டு என்று ஏதோ ஒன்றை ஆண்டுக்கணக்கில் சேர்த்து, அதற்கென ஒரு இணையதளத்தையும் தாமே கட்டி வைத்திருக்கும் பலர் இப்போது ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். தளம் திறக்கிறது. ஆனால் அதைக் கட்டிய மென்பொருள் புதிய கணினியில் ஏறவில்லை. கைப்பேசியில் எழுத்து பொடிப்பொடியாகத் தெரிகிறது. புதிதாகக் கிடைத்த பொருள்களைச் சேர்க்க முடியவில்லை. வேர்ட்பிரஸா, விக்ஸா, வேறு எதுவுமா என்று கேட்கிறார்கள். 60 நாணயம் வைத்திருப்பவருக்கும் 6,000 லேபிள் வைத்திருப்பவருக்கும் ஒரே பதில் பொருந்தாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

இணையதளம் கட்டும் மென்பொருளான மைக்ரோசாஃப்ட் ஃப்ரண்ட்பேஜின் கடைசிப் பதிப்பு 2003இல் வந்தது. 2006இல் நிறுவனம் அதைக் கைவிட்டது. அதன் இடத்துக்கு வந்த எக்ஸ்பிரஷன் வெப் 2012 டிசம்பரில் இலவசமாக்கப்பட்டது. வளர்ச்சி அத்தோடு நின்றது. ஆப்பிளின் ஐவெப்பில் கட்டிய தளங்களுக்கு இடம் கொடுத்த மொபைல்மீ 2012 ஜூன் 30இல் மூடப்பட்டது. நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கென வந்த அடோபி மியூஸுக்கு 2018 மார்ச்சில் முடிவு அறிவித்து, 2020 மார்ச்சில் ஆதரவை நிறுத்தினார்கள். எண்ணற்ற தனிநபர் பக்கங்களைத் தாங்கிய யாஹூ ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டபோது, இணைய ஆவணக் காப்பகமும் தன்னார்வலர்களும் நகலெடுத்து வைத்த பக்கங்களே மிஞ்சின. இவை எல்லாமே பெரிய நிறுவனங்களின் பொருள்கள். ஆகவே இன்று எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கும் ஒரு முடிவு நாள் உண்டு என்று எண்ணிக்கொண்டே தேர்ந்தெடுக்க வேண்டும். உள்ளே போவது எவ்வளவு எளிது என்று எல்லா விளம்பரங்களும் சொல்லும். நம் பொருளை எடுத்துக்கொண்டு வெளியே வருவது எவ்வளவு எளிது என்பதே என் முதல் கேள்வி. கீழே வரும் முடிவுகள் பெரும்பாலும் அதிலிருந்து பிறந்தவை.

## எந்த அளவுகோல்களை வைத்துப் பார்ப்பது?

வெளியேறும் வழி. படங்கள், விவரங்கள், பக்க முகவரிகள் ஆகிய மூன்றையும் பொதுவான கோப்பு வடிவில் வெளியே எடுக்க முடிகிறதா? படத்தை மட்டும் எடுக்க முடிந்து, எந்தப் படம் எந்தப் பொருளுடையது என்ற தொடர்பு அறுந்துபோனால் அது வெளியேறும் வழி ஆகாது.

ஒரு பொருளுக்கு ஒரு பதிவு. சேகரிப்புத் தளம் வலைப்பூவிலிருந்து வேறுபடுவது இங்கேதான். தீப்பெட்டி லேபிளை எடுத்துக்கொள்வோம். பிராண்டு, தயாரித்த நிறுவனம், ஊர், அச்சிட்ட விலை, அளவு, நிலை, எங்கிருந்து வந்தது ஆகியவை தனித்தனிப் புலங்களாக, அதாவது தனித்தனிக் கட்டங்களாக, இருக்க வேண்டும். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, குடியாத்தம் என்று ஊர்வாரியாகப் பிரித்துப் பார்க்க முடிய வேண்டும். விலைப் புலத்துக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. தீப்பெட்டி விலை 2007இல் 50 காசிலிருந்து ஒரு ரூபாயாகவும், 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாயாகவும் ஏறியது. தேதியே அச்சிடாத ஒரு லேபிளின் காலத்தை ஓரளவு கணிக்க அந்த விலையே கை கொடுக்கும். பழைய தளங்களில் இந்த விலை ஏதோ ஒரு பத்தியின் நடுவே வாக்கியத்தோடு வாக்கியமாகக் கிடக்கிறது. தேடி எடுக்க முடியாது. நல்ல மென்பொருள் அதைப் புலமாக வெளியே கொண்டுவந்து வைக்கும்.

தமிழ். எழுத்து சரியாகத் தெரிந்தால் போதும் என்று பலர் நின்றுவிடுகிறார்கள். அகரவரிசையையும் தேடலையும் கூடச் சோதிக்க வேண்டும். கணினிகள் பொதுவாகப் பயன்படுத்தும் யூனிகோட் எழுத்துக் குறியீட்டு அட்டவணையில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த எண் வரிசையை அப்படியே எடுத்து அடுக்கும் மென்பொருளில் 'வாழை'க்கு முன் 'வானம்' வந்து நிற்கும். 'மலர்' வருவதற்கு முன் 'மறவன்' வந்துவிடும். நூறு பிராண்டுகள் உள்ள பட்டியலில் இது உடனே கண்ணை உறுத்தும். தேடலில் இன்னொரு சிக்கல்: 'யானை' என்று தேடினால் 'யானைகள்' கிடைக்கிறதா? 'மரம்' என்று தேடினால் 'மரத்தின்' கிடைப்பது இன்னும் கடினம். ஆகவே பிராண்டின் பெயரை வேற்றுமை உருபு ஒட்டாமல் தனிப் புலத்தில் வைப்பது தமிழில் கட்டாயம் என்றே சொல்வேன்.

செலவு. பணத்தை எல்லோரும் கணக்கிடுகிறார்கள். ஹோஸ்டிங்கின், அதாவது தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் வாடகை இடத்தின், முதல் ஆண்டுச் சலுகை விலையை விட்டுவிட்டு, புதுப்பிக்கும்போது கேட்கும் விலையைப் பாருங்கள். அதோடு, தளத்தில் ஒரு பொருளும் சேர்க்காத மாதத்தில்கூடப் பராமரிப்புக்காக நீங்கள் உட்கார வேண்டியிருக்குமா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கை. நமக்குப் பிறகு, அல்லது நமக்கு உடம்பு முடியாத காலத்தில், வீட்டில் யார் இதைத் தொடர முடியும்? எத்தனையோ அருமையான சேகரிப்புத் தளங்கள், டொமைன் என்ற தள முகவரிப் பெயர் புதுப்பிக்கப்படாத ஒரே காரணத்தால் மறைந்துவிட்டன. இதைப் பேச மனம் வராது; ஆனாலும் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதே பேசிவிட வேண்டியது இது.

## 1. இருக்கும் தளத்தையே சீர்செய்வது

மாறத்தான் வேண்டுமா என்று முதலில் கேட்டுப் பார்க்கலாம். 1998இல் எழுதிய எளிய எச்டிஎம்எல் (இணையப் பக்கங்களை எழுதும் குறிமொழி) பக்கம் இன்றைய உலாவியிலும் திறக்கிறது. திறக்காதவை அதன்மேல் ஒட்டிய அலங்காரங்கள்: ஃப்ரண்ட்பேஜ் காலத்து ஜாவா பொத்தான்கள், 2020 டிசம்பர் 31ஓடு நிறுத்தப்பட்ட ஃபிளாஷ், சர்வரில் ஃப்ரண்ட்பேஜ் நீட்டிப்புகளை எதிர்பார்க்கும் படிவங்களும் வருகைக் கணக்கிகளும். அவற்றை நீக்கிவிட்டு, விஷுவல் ஸ்டுடியோ கோட் போன்ற இலவசத் தொகுப்பானில் எல்லாக் கோப்புகளிலும் ஒரே நேரத்தில் தேடி மாற்றலாம். கைப்பேசித் திரைக்கு ஏற்ற அகலத்தைச் சொல்லும் வரியைச் சேர்த்து, அட்டவணைகளில் 800 பிக்சல் என்று கட்டிப்போட்ட அகலங்களை அவிழ்த்துவிட்டாலே பாதிச் சிக்கல் தீரும்.

வெளியேறும் வழியில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. எல்லாமே உங்கள் கையிலுள்ள கோப்புகள். ஆனால் புலங்கள் கிடையாது, வடிகட்டும் வசதி கிடையாது, மெனுவில் ஒரு சொல்லை மாற்ற முந்நூறு கோப்புகளைத் தொட வேண்டும்.

சேகரிப்பு முடிந்துவிட்டது, இனி வளராது, பக்கங்களும் நூறுக்குள் என்றால் இதுவே போதும். யார் எதை விற்க வந்தாலும் மாறாதீர்கள்.

## 2. விக்ஸ், ஸ்குவேர்ஸ்பேஸ், கூகுள் சைட்ஸ்

இழுத்துப்போட்டு வடிவமைக்கும் தளங்கள் இவை. மாலைக்குள் கண்ணுக்கு அழகான முகப்பு தயாராகிவிடும். கைப்பேசியிலும் நன்றாகத் தெரியும். பராமரிப்புத் தலைவலி இல்லை. சர்வர் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள விருப்பமே இல்லாதவருக்கு இது பெரிய நிம்மதி.

நான் தயங்குவது வெளியேறும் இடத்தில். விக்ஸில் கட்டிய தளத்தை வேறு ஹோஸ்டிங்குக்கு எடுத்துச் செல்ல முடியாது என்று அந்நிறுவனமே தன் உதவிப் பக்கங்களில் சொல்கிறது. அதன் தரவுப் பகுதியில் வைத்த பட்டியலைச் சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாக எடுக்கலாம். பக்கங்களையும் வடிவத்தையும் எடுக்க இயலாது. ஸ்குவேர்ஸ்பேஸ், வேர்ட்பிரஸ் படிக்கக்கூடிய ஒரு கோப்பைத் தரும். எல்லா வகைப் பக்கங்களும் அதில் வருவதில்லை. கூகுள் சைட்ஸ் இலவசம், ஆனால் பொருள்வாரிப் புலங்கள் என்ற எண்ணமே அதில் இல்லை. ஒவ்வொரு படத்தையும் கையால் வைத்து, கீழே விவரம் தட்ட வேண்டும். அதன் பழைய வடிவம் முடிவுக்கு வந்தபோது எல்லோரும் புதிய வடிவத்துக்கு மாற வேண்டியிருந்ததையும் நினைவில் வையுங்கள்.

மாதச் சந்தா நின்றால் கட்டணத் தளமும் நின்றுவிடும் என்பதால் 'அடுத்த கை' அளவுகோலில் இவை பலவீனமானவை. 30, 40 சிறந்த பொருள்களை மட்டும் கண்காட்சிபோல் காட்ட விரும்புபவருக்கும், கண்காட்சிக்கு முன்னால் ஒரு முகவரி அவசரமாகத் தேவைப்படுபவருக்கும் பொருந்தும். முழுப் பட்டியலையும் இங்கே வைக்காதீர்கள்.

## 3. வேர்ட்பிரஸ்

2003 மே மாதம் வெளிவந்து, இன்று உலக இணையதளங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் இயக்கும் மென்பொருள் இது. உதவி செய்ய ஆள் கிடைப்பது இதன் மிகப் பெரிய பலம். எந்த ஊரிலும் வேர்ட்பிரஸ் தெரிந்த ஒருவர் இருப்பார். கைப்பேசியிலிருந்தே படம் எடுத்து ஏற்றலாம். நிர்வாகப் பக்கத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு உண்டு; இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் தனித்தனியாகவே இருக்கிறது.

ஆனால் வேர்ட்பிரஸை அப்படியே நிறுவினால் கிடைப்பது வலைப்பூ. சேகரிப்புத் தளமாக்க, பொருள்களுக்கென ஒரு தனிப் பதிவு வகையும் புலங்களும் உருவாக்க வேண்டும். அதற்குப் பாட்ஸ், ஏசிஎஃப் போன்ற பிளகின்கள் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) உண்டு. பிளகினைச் சார்ந்திருப்பதில் ஒரு ஆபத்தும் உண்டு. 2024 அக்டோபரில், நிறுவனங்களுக்கிடையே எழுந்த தகராறில் ஏசிஎஃப் பிளகினின் பக்கத்தை வேர்ட்பிரஸ் தரப்பே எடுத்து வேறு பெயரில் வெளியிட்டது. டிசம்பரில் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகுதான் அது பழைய உரிமையாளரிடம் திரும்பியது. உங்கள் லேபிள்களின் விவரங்கள் முழுவதும் அந்த ஒரு பிளகினை நம்பியிருக்கும்போது இப்படி ஒரு செய்தி வந்தால் தூக்கம் கெடும்.

இனி, நிறுவிய பிறகே தெரியவரும் சில செலவுகள்.

இயல்பான தேடல் பதிவின் தலைப்பு, சுருக்கம், உள்ளடக்கம் ஆகியவற்றில் மட்டுமே தேடும். நீங்கள் கவனமாக உருவாக்கிய தனிப் புலங்களைத் தொடாது. 'குடியாத்தம்' என்று ஊர்ப் புலத்தில் எழுதியிருந்தால் தேடலில் வராது. அதற்கு இன்னொரு பிளகின் வேண்டும். ஊரை வகைப்பாடாக வைத்துவிட்டால் சொடுக்கிப் பார்க்கும் பட்டியலாவது கிடைக்கும். சொல்லின் ஒரு பகுதி பொருந்தினாலே எடுத்துக்காட்டுவது இத்தேடலின் நல்ல குணம். 'யானை' கேட்டால் 'யானைகள்' வரும்.

ஒரு படத்தை ஏற்றினால் அது ஒரு படமாக நிற்பதில்லை. 3,000 பிக்சல் அகலப் படம் ஒன்றிலிருந்து 150 பிக்சல் தொடங்கி 2,560 வரை பல அளவுகளை உருவாக்கி, மூலத்தோடு சேர்த்து எட்டுக் கோப்புகள் வரை வைக்கிறது. முன்பக்கம், பின்பக்கம் என்று ஆயிரம் லேபிளுக்கு இரண்டாயிரம் படம் என்றால் கோப்புகள் பதினாறாயிரம். மலிவான ஹோஸ்டிங் திட்டங்களில் இட அளவோடு கோப்பு எண்ணிக்கைக்கும் வரம்பு இருக்கும். வாங்கும் முன் அதைக் கேளுங்கள். 1,600 பிக்சலுக்குச் சுருக்கிவிட்டு ஏற்றினால் சுமை குறையும்.

தமிழ்த் தலைப்புகளின் முகவரிச் சிக்கலையும் சொல்ல வேண்டும். வேர்ட்பிரஸ் பதிவின் முகவரிப் பெயரை 200 குறிகளுக்குள் சேமிக்கிறது. ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் முகவரியில் ஒன்பது குறிகளாக விரிவதால், புள்ளியும் கொம்பும் சேர்த்து 22 குறியீடுகளுக்குமேல் போனால் முகவரி பாதியில் வெட்டப்படும். 'வண்ணத்துப்பூச்சி தீப்பெட்டி, சாத்தூர்' என்ற தலைப்பே தாங்காது. ஆகவே பொருளின் பட்டியல் எண்ணையே முகவரியாக வையுங்கள். இது எல்லா மென்பொருளுக்கும் பொருந்தும் நல்ல பழக்கம்.

வெளியேறும்போது கிடைக்கும் ஏற்றுமதிக் கோப்பில் எழுத்துகள் இருக்கும், படங்கள் இருக்காது. படங்களின் முகவரிகள் மட்டுமே இருக்கும். படக் கோப்புறையைத் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும். பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழி) பதிப்பு, தீம் (தளத்தின் தோற்ற வடிவம்), பிளகின் என்று தொடர்ந்து புதுப்பிக்காவிட்டால் தளம் பாதுகாப்பில்லாமல் போகும். ஆறு மாதம் திரும்பிப் பார்க்காதவருக்கு இது ஆகாது. வாரம் ஒருமுறையாவது எதையாவது சேர்ப்பவர், சேகரிப்பைப் பற்றிக் கட்டுரைகளும் எழுதுபவர், கைப்பேசியையே நம்பியிருப்பவர் ஆகியோருக்கு வேர்ட்பிரஸ் இன்னும் நல்ல தேர்வு.

## 4. ஓமெகா

சேகரிப்புகளுக்கென்றே பிறந்த மென்பொருள். அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்து ராய் ரோசன்ஸ்வைக் மையம் 2008இல் வெளியிட்டது. நூலகங்களும் சிறு அருங்காட்சியகங்களும் பயன்படுத்துவது. பொருள், தொகுப்பு, கண்காட்சி என்ற மூன்று அடுக்குகள் இதில் இயல்பாகவே உண்டு. புலங்களுக்கு டப்ளின் கோர் என்ற பொதுத் தரத்தைக் கொண்டிருக்கிறது: தலைப்பு, உருவாக்கியவர், காலம், பொருள் வகை, உரிமை முதலிய 15 புலங்கள். பெயர் அயர்லாந்தை நினைவூட்டினாலும், அது 1995இல் ஓஹையோ மாநிலத்து டப்ளினில் கூடிய பட்டறையில் உருவானது.

இந்தப் பொதுப் புலங்களில் உட்கார்ந்து உங்கள் சேகரிப்பைப் பொருத்திப் பார்ப்பதே நல்ல பயிற்சி. லேபிளை 'உருவாக்கியவர்' யார்? தீப்பெட்டி நிறுவனமா, அச்சகமா, படம் வரைந்த பெயர் தெரியாத ஓவியரா? மூன்றையும் பிரித்து எழுத இடம் ஒதுக்கும்போதுதான் எந்தத் தகவலை இத்தனை நாள் திரட்டாமல் விட்டோம் என்று தெரியும். எக்செல் பட்டியலைச் சிஎஸ்வியாக மாற்றி மொத்தமாக ஏற்றும் வசதியும், பொருள்களை வரைபடத்தில் காட்டும் வசதியும் பிளகின்களாகக் கிடைக்கின்றன.

ஓமெகா கிளாசிக், ஓமெகா எஸ் என்று இரண்டு உண்டு. தனிநபர் சேகரிப்புக்குக் கிளாசிக்கே போதுமானது. பல தளங்களை ஒரே நிறுவலில் நடத்தும் நிறுவனங்களை மனத்தில் வைத்து வந்தது எஸ். இரண்டுக்கும் பிஎச்பியும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும் உள்ள ஹோஸ்டிங் வேண்டும். படங்களுக்குப் பொதுவாக இமேஜ்மேஜிக் என்ற படம் சுருக்கும் நிரலும் வேண்டும். எல்லா மலிவுத் திட்டங்களிலும் அது ஒழுங்காக அமைந்திருக்காது. தீம்கள் குறைவு. வேர்ட்பிரஸுக்குக் கிடைப்பதுபோல் ஓமெகாவுக்கு உள்ளூரில் ஆள் கிடைப்பது அரிது.

500 பொருளுக்கு மேல், விவரங்கள் செறிவானவை, என்றாவது ஒரு நூலகத்திடமோ ஆய்வு மையத்திடமோ ஒப்படைக்கும் எண்ணம் உண்டு என்றால் ஓமெகாவுக்கு நேரம் ஒதுக்கலாம். பொதுத் தரத்தில் உள்ள தரவை வாங்கிக்கொள்ளும் நிறுவனத்துக்கு வேலை எளிது. பலர் சேர்ந்து பட்டியலிடும் முயற்சியென்றால் விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கியையும் பாருங்கள். இலங்கைத் தமிழ் ஆவணங்களைத் திரட்டும் நூலகம் தளம் அதில்தான் வளர்ந்தது.

## 5. ஸ்டாட்டிக் தளம்

தரவுத்தளமும் பிஎச்பியும் இல்லாமல், பட்டியலிலிருந்து முழுமையான எச்டிஎம்எல் பக்கங்களை முன்கூட்டியே உருவாக்கி ஏற்றிவிடும் முறை. பார்வையாளர் கேட்கும்போது சர்வர் எதையும் சமைக்க வேண்டியதில்லை. முதல் வழியின் நீண்ட ஆயுளும் மூன்றாம் வழியின் வசதியும் சேர்ந்த இடம் என்பதால் என் சாய்வு இந்தப் பக்கம். பக்கங்களை உருவாக்கும் நிரல் நாளை நின்றுபோனாலும், அது கடைசியாக உருவாக்கித் தந்த பக்கங்கள் அப்படியே இயங்கும். வேர்ட்பிரஸைப் பற்றியோ விக்ஸைப் பற்றியோ இப்படிச் சொல்ல முடியாது.

இதில் மூன்று தரங்கள் உண்டு.

பப்ளி. கணினியில் நிறுவும் இலவச மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஃப்ரண்ட்பேஜ் பழகிய கைக்கு மிக நெருக்கமானது: நம் கணினியில் எழுதி, ஒரு பொத்தானை அழுத்தி ஏற்றலாம். எஃப்டிபி என்ற முறையில் கோப்புகளை ஏற்றும் பழைய ஹோஸ்டிங்குக்கே அனுப்பலாம் என்பது பலருக்கு ஆறுதல். வலைப்பூவை நோக்கி அமைந்ததால் ஒவ்வொரு பொருளையும் ஒரு பதிவாகக் கையால் எழுத வேண்டும். இருநூறு, முந்நூறு பொருள்வரை, ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொல்ல இருக்கிறது என்றால் அருமையாக இருக்கும். மூலத் தரவு அந்த ஒரு கணினியில் இருப்பதால், கோப்புறையை வெளி வட்டிலும் நகலெடுத்து வைத்தே ஆக வேண்டும்.

கலெக்‌ஷன்பில்டர். அமெரிக்காவின் ஐடஹோ பல்கலைக்கழக நூலகத்தார் உருவாக்கியது. சேகரிப்பாளர்கள் பலருக்கு இதன் பெயரே தெரியாதது எனக்கு வருத்தம். ஒரு சிஎஸ்வி பட்டியலும் படக் கோப்புறையும் கொடுத்தால் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கம், வடிகட்டிப் பார்க்கும் பக்கம், ஊர்களைக் குறித்த வரைபடம், கால வரிசை எல்லாவற்றையும் உருவாக்கித் தருகிறது. கூகுள் ஷீட்டிலிருந்து நேரே படிக்கும் வகையும் உண்டு. கோப்புகளை வைத்துத் தளமாகவும் வெளியிட உதவும் ஜிட்ஹப் பேஜஸில் இலவசமாக இயங்கும். வெளியிடும் தளத்துக்கு அங்கே 1 ஜிபி வரம்பு. ஒரு படத்தை 200 கேபிக்குள் சுருக்கினால், ஆயிரம் பொருளுக்கு இரண்டிரண்டு படமாக 400 எம்பிதான் வரும், தாராளமாக அடங்கும். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஜிட்ஹப்பின் பழக்கவழக்கங்களைக் கற்க ஒரு வார இறுதி ஆகும். மெனுவும் தலைப்புகளும் ஆங்கிலத்தில் வரும். கோப்புகளில் தேடித் தமிழாக்க வேண்டும். தேடலுக்கு லூனர் என்ற நிரல் நூலகத்தை (ஆயத்த நிரல் தொகுப்பை) பயன்படுத்துகிறது. லூனர் இயல்பில் லத்தீன் எழுத்துகளை எதிர்பார்ப்பது. தமிழுக்கான துணைக் கோப்பு தனியே கிடைக்கிறது. பத்துப் பொருளை ஏற்றித் தமிழ்ச் சொல் தேடலைச் சோதித்த பிறகே மீதியை ஏற்றுங்கள்.

ஹியூகோ, இலெவன்டி. பட்டியலிலிருந்து பல்லாயிரம் பக்கங்களை நொடிகளில் உருவாக்குபவை. எல்லாம் நம் விருப்பப்படி அமையும். தமிழ் அகரவரிசையையும் ஒழுங்காக்கிக்கொள்ளலாம். வீட்டில் நிரல் எழுதும் மகளோ மருமகனோ இருந்தால் மட்டும் இதற்குள் இறங்குங்கள். தளத்தின் அமைப்பு அவர்கள் தலைக்குள் மட்டும் இருந்துவிடாமல், ஒரு பக்கக் குறிப்பாகவேனும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றுக்கும் பொதுவான குறை, வெளியில் இருக்கும்போது கைப்பேசியிலிருந்து சட்டென்று ஒரு பொருளைச் சேர்ப்பது சுலபமில்லை. கண்காட்சியில் வாங்கியதை அங்கேயே ஏற்றிப் பழகியவருக்கு இது எரிச்சலைத் தரும்.

'அடுத்த கை' விஷயத்தில் இவை முன்னே நிற்கின்றன. யாரும் புதுப்பிக்காவிட்டாலும் தளம் உடையாது. ஜிட்ஹப் கணக்கில், நமக்குப் பிறகு பொதுவில் உள்ள கோப்புகளைப் பார்த்துக்கொள்ள ஒரு வாரிசை நியமிக்கும் வசதியும் இருக்கிறது.

## ஒரே பார்வையில்

| வழி | வெளியேறுவது | பொருள்வாரிப் புலங்கள் | கவனிக்க வேண்டிய செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| பழையதைச் சீர்செய்தல் | முழுமையாக | இல்லை | ஒவ்வொரு மாற்றமும் கைவேலை | வளராத சிறு சேகரிப்பு |
| விக்ஸ், ஸ்குவேர்ஸ்பேஸ் | மிகக் கடினம் | ஓரளவு | முடிவில்லாச் சந்தா | 40 பொருள்வரை காட்சிக்கு |
| வேர்ட்பிரஸ் | படங்களைத் தனியே எடுத்தால் நடக்கும் | பிளகின் வழியே | தொடர் புதுப்பிப்பு, கோப்பு எண்ணிக்கை வரம்பு | அடிக்கடி சேர்ப்பவர், எழுதுபவர் |
| ஓமெகா | நன்று | உள்ளேயே உண்டு | ஹோஸ்டிங் அமைப்பு, உதவிக்கு ஆள் இன்மை | செறிவான பெரிய சேகரிப்பு |
| பப்ளி | முழுமையாக | குறைவு | கணினி நகல் | 300 பொருள்வரை, கதையோடு |
| கலெக்‌ஷன்பில்டர் | முழுமையாக | பட்டியலே புலங்கள் | கற்கும் நேரம், தமிழாக்கம் | சில ஆயிரம் பொருள்வரை |

## மாறும் முன்

எந்த வழியானாலும் முதல் வேலை ஒன்றே: மென்பொருளைத் தொடாமல், சேகரிப்பு முழுவதையும் ஒரு எக்செல் பட்டியலாக்குங்கள். ஒரு பொருளுக்கு ஒரு வரி, ஒரு தகவலுக்கு ஒரு நெடுவரிசை, ஒவ்வொன்றுக்கும் மாறாத ஒரு எண். படக் கோப்பின் பெயரும் அந்த எண்ணாகவே இருக்கட்டும். பெரிய அளவில் ஸ்கேன் செய்த மூலப் படங்கள் வீட்டு வட்டில் இருக்கட்டும். தளத்துக்குச் சுருக்கிய நகல் போதும். இந்தப் பட்டியல் கையில் இருந்தால், தேர்ந்தெடுத்த மென்பொருள் பிடிக்காமல் போனாலும் அடுத்ததற்குப் போவது சில நாள் வேலை. பட்டியல் இல்லாமல் மாறுபவர் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தட்டச்சு செய்வார்.

2000களின் தொடக்கத்துத் தமிழ்த் தளங்களுக்கு இன்னொரு வேலை காத்திருக்கிறது. டிஸ்கி, டாப், பாமினி போன்ற எழுத்துருக் குறியேற்றங்களில் எழுதிய உரையை யூனிகோடுக்கு மாற்றாமல் எந்தப் புதிய மென்பொருளிலும் ஒட்டாதீர்கள்; தேடுபொறிகளுக்கு அது வெறும் குப்பை எழுத்து. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் இருக்கின்றன. நிரல் தெரிந்தவர்களுக்கு ஓப்பன் தமிழ் நிரல் நூலகமும் உதவும். பாமினியில் ஒரு கண்ணி உண்டு. அது ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைத்திருப்பதால், பக்கம் முழுவதையும் மாற்றியில் போட்டால் ஆங்கிலத்தில் இருந்த பெயர்களும் தமிழ்க் குழப்பமாக மாறிவிடும். எச்டிஎம்எல்லில் பாமினி எழுத்துரு என்று குறித்த பகுதிகளை மட்டும் பிரித்தெடுத்து மாற்ற வேண்டும். 300 பக்கத் தளத்துக்கு, மென்பொருள் மாற்றத்தைவிட இதுவே அதிக நாள் பிடிக்கும். எனவே திட்டமிடும்போது முதலில் இதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். தளத்தை வடிவமைத்துக் கொடுத்தவர் பெயரில் இருந்தால், மாற்ற வேலையைத் தொடங்கும் முன் அதை உங்கள் பெயருக்கு மாற்றி வாங்கிவிடுங்கள்.

கடைசியாகப் பழைய முகவரிகள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களின் பக்கங்களிலிருந்து இருபது ஆண்டுகளாக உங்கள் பக்கங்களுக்கு இணைப்பு இருக்கும். பழைய முகவரி ஒவ்வொன்றையும் புதியதற்குத் திருப்பிவிட வேண்டும். அபாச்சி என்ற சர்வர் மென்பொருள் ஓடும் ஹோஸ்டிங்கில் ஒரு கோப்பில் வரிகளாக எழுதினால் போதும். ஸ்டாட்டிக் தளங்களுக்கு இடம் தரும் நெட்லிஃபை, கிளவுட்ஃபிளேர் பேஜஸ் இரண்டிலும் அதேபோல் ஒரு கோப்பு உண்டு. ஜிட்ஹப் பேஜஸில் அந்த வசதி இல்லாததால் ஒவ்வொரு பழைய முகவரிக்கும் ஒரு சிறு திருப்புப் பக்கம் உருவாக்க வேண்டும். பழைய பக்கங்கள் ஆயிரத்தைத் தாண்டினால், அந்த ஒரு காரணத்துக்காகவே மற்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பேன். பழைய தளத்தை நிறுத்தும் முன் முக்கியப் பக்கங்களை இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் சேமித்து, சர்வரில் உள்ள கோப்புறை முழுவதையும் இறக்கி இரண்டு இடங்களில் வையுங்கள். புதிய தளம் ஒழுங்காக ஓடுவதைச் சில மாதம் பார்த்த பிறகு பழைய ஹோஸ்டிங்கை முடித்துக்கொள்ளலாம்.